வெள்ளிக்கிழமை வந்த வலிப்பு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் எங்க அத்தையோட கதையில ஆரம்பிக்குது. அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். "பேரை மட்டும் சொல்லாத. மத்ததெல்லாம் சொல்லு, யாருக்காவது உதவட்டும்"னு சொல்லிட்டாங்க.

ஊர் திருக்காட்டுப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டம். கல்லணையிலேருந்து கிழக்கே வந்தா, காவிரியிலேருந்து குடமுருட்டி பிரியற இடத்துக்குப் பக்கத்துல இருக்கற ஊர். அப்பாவோட அக்காவுக்கு அங்கதான் 1974ல முதல் தடவையா அது வந்துச்சு. அப்போ அவங்களுக்கு 13 வயசு.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. வீட்டுக் கொல்லைப்புறம். அத்தை திடீர்னு எதையோ பார்த்து வெறிச்ச மாதிரி நின்னாங்களாம். கூப்பிட்டா பதில் இல்ல. வாயைச் சப்புக்கொட்டிக்கிட்டே ஏதோ சம்பந்தமில்லாம பேசினாங்க. ரெண்டு நிமிஷம் இருக்கும். அப்புறம் சோர்ந்து படுத்துட்டாங்க. எழுந்ததும் எதுவும் ஞாபகம் இல்ல.

ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி. அதுவும் வெள்ளிக்கிழமை, அதுவும் கொல்லையில. கொல்லையில ஒரு புளியமரம் இருந்துச்சு. அப்புறம் என்ன? வெள்ளிக்கிழமை, வயசுப் பொண்ணு, புளியமரம். ஊர்ல எல்லாரும் அஞ்சு நிமிஷத்துல ரூட் காஸ் கண்டுபிடிச்சிட்டாங்க. மந்திரிச்சாங்க, கயிறு கட்டினாங்க, கடைசியில மரத்தையும் வெட்டினாங்க. வலிப்பு நிக்கல.

அப்பாயி இன்னொண்ணும் சொல்வாங்க. சில நாள் அது வரப்போற நேரத்துல அத்தை முகத்துல ஒரு சிரிப்பு இருக்குமாம். "இன்னும், இன்னும்"னு கேப்பாங்களாம். அதைப் பார்த்தப்புறம் இது பேய்தான்ங்கறதுல வீட்டுல யாருக்கும் சந்தேகமே இல்ல.

அந்த "இன்னும்" ரொம்ப முக்கியமான தகவல். ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்பி வர்றேன்.

மெஷின் சொன்ன பதில்

நான் சாஃப்ட்வேர் ஆளு. எங்க வேலையில ரொம்பக் கடுப்பான விஷயம் எப்பவாவது மட்டும் வர்ற பக். நாம உட்கார்ந்து பார்க்கும்போது எல்லாம் சரியா ஓடும். எழுந்து போனா விழும். அதனால பக் ரிப்போர்ட் வந்தா முதல்ல கேக்கற கேள்வி, "என்ன செஞ்சா இது வருது?" அந்தப் பதில் இல்லாம கோடைத் திறந்து பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்ல.

வலிப்பும் அப்படித்தான். மூளையில இருக்கற நரம்பு செல்கள் ஒண்ணுக்கொண்ணு மின் சிக்னல்ல பேசிக்குது. ஒரு கூட்டம் செல்கள் கட்டுப்பாடு இல்லாம ஒரே நேரத்துல கத்த ஆரம்பிச்சா அதுதான் வலிப்பு. அது மூளை முழுக்கப் பரவினா கை கால் வெட்டி இழுக்கும். நாம சினிமாவுல பார்க்கறது அது. காதுக்குப் பக்கத்துல இருக்கற டெம்பொரல் பகுதியில மட்டும் நடந்தா, ஆள் நின்ன இடத்துலயே நிப்பாங்க. வெறிச்ச பார்வை, சப்புக்கொட்டறது, காரணமில்லாத பயம், புரியாத பேச்சு. பக்கத்துல இருக்கறவங்களுக்கு 'வேற யாரோ உள்ள வந்து பேசற' மாதிரிதான் தெரியும்.

மூளையோட மின் அலையை வரைஞ்சு காட்டற இஇஜி மெஷினை ஜெர்மனியில ஹான்ஸ் பெர்கர் உருவாக்கினார். 1929ல அதைப் பத்தி முதல் கட்டுரை எழுதினார். நம்ம மாநிலத்துலயும் இந்தத் துறை சீக்கிரமே வந்துச்சு. கனடாவுல வைல்டர் பென்ஃபீல்டுகிட்ட பயிற்சி எடுத்த ஜேக்கப் சாண்டி, 1949ல வேலூர் சிஎம்சியில இந்தியாவோட முதல் நரம்பறுவைப் பிரிவைத் தொடங்கினார். 1952ல அங்க வலிப்புக்கு ஆபரேஷனே செஞ்சிருக்காங்க.

அத்தைக்கும் பிற்பாடு ஒரு டவுன்ல இஇஜி எடுத்தாங்க. ரிப்போர்ட் நார்மல். "ஒண்ணும் இல்லை, மனசுதான் காரணம்"னு சொல்லி அனுப்பிட்டாங்க.

இஇஜி அது ஓடற அரை மணி நேரத்தோட லாக் மட்டும்தான். அந்த நேரத்துல பக் வரலைன்னா, பெரும்பாலும் லாக்ல ஒண்ணும் இருக்காது. அத்தைக்கு இருந்த வகையில, ரெண்டு வலிப்புக்கு நடுவுல எடுக்கற இஇஜி பெரும்பாலானவங்களுக்கு நார்மலாத்தான் இருக்கும். மெஷின் பொய் சொல்லல. அதுகிட்ட தப்பான நேரத்துல கேட்டுட்டாங்க.

அதே வருஷம், பெங்களூர்ல

இப்போ இடம் மாறுவோம். பெங்களூர்ல அகில இந்திய மனநல நிறுவனம்னு ஒண்ணு இருந்துச்சு. 1974 கடைசியில அதுதான் இன்னொரு ஆஸ்பத்திரியோட சேர்ந்து நிம்ஹான்ஸ் ஆச்சு. அங்க இருந்த நரம்பியல் மருத்துவர் கே. எஸ். மணி. அவர்கிட்ட வர்ற வலிப்பு நோயாளிகள்ல சிலரோட கதை ஒரே மாதிரி இருந்துச்சு. 1968ல அவரும் கூட இருந்தவங்களும் ஒரு சின்ன முதற்கட்ட அறிக்கை எழுதினாங்க. 1974ல 108 பேரோட விவரத்தோட பெரிய அறிக்கை. எங்க அத்தைக்கு முதல் தடவை வந்த அதே 1974.

அவங்க எல்லாருக்கும் பொதுவா இருந்த விஷயம் என்ன தெரியுமா? வெந்நீர். தலையில ஊத்தற வெந்நீர்.

இதுக்கு 'ஹாட் வாட்டர் எபிலெப்சி'ன்னு பேர். வெந்நீர் வலிப்பு. உலகத்துல இதை முதல்ல எழுதினவர் மணி கிடையாது. 1945லயே நியூசிலாந்துல ஆலன்ங்கற மருத்துவர் ஒரு 10 வயசுப் பையனைப் பத்தி எழுதியிருக்கார். அதுக்கப்புறம் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சுவீடன்னு அங்கொண்ணு இங்கொண்ணா வந்துச்சு. அவங்களுக்கு அது ஒரு அபூர்வம். மணிக்கு அது வாராவாரம் வாசல்ல வந்து நிக்கற கூட்டம். 1988ல நிம்ஹான்ஸ்ல பி. சதீஷ்சந்திராவும் மத்தவங்களும் 279 பேரை வச்சு எழுதினாங்க. கர்நாடகாவுல எளந்தூர் பகுதியில வீடு வீடாப் போய் வலிப்பு இருக்கறவங்களைக் கணக்கெடுத்தப்போ, 100 பேர்ல கிட்டத்தட்ட 7 பேருக்கு இந்த வகைன்னு தெரிஞ்சுது.

ஏன் இங்க இவ்ளோ பேர்? பதில் நம்ம பாத்ரூம்லயே இருக்கு.

நாம தினமும் குளிக்கறோம். ஆனா தமிழ்ல ரெண்டு குளியல் இருக்கு. 'மேலுக்குக் குளிக்கறது' வேற, 'தலைக்குக் குளிக்கறது' வேற. ஷாம்பு, ஷவர் காலத்துல இந்த வித்தியாசம் நமக்கு மங்கிப்போச்சு. அப்போ அப்படி இல்ல. எண்ணெய் தேய்ச்சு, ஊறவச்சு, சீயக்காய் போட்டு, அண்டாவுல கொதிக்கற வெந்நீரை விளாவி, செம்பு செம்பா உச்சந்தலையில வேகவேகமா ஊத்தணும். வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள்தான். கன்னடக்காரங்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. இந்திய மருத்துவக் கட்டுரைகள்லயே 'ஹெட் பாத்'னுதான் எழுதுவாங்க, ஏன்னா வெறும் 'பாத்'னு சொன்னா விஷயம் புரியாது.

அந்தத் தண்ணியோட சூடு பெரும்பாலும் 40லேருந்து 50 டிகிரி செல்சியஸ். சூடு, தலையில படற அடி, ஊத்தற வேகம், மூணும் சேர்ந்து வேலை செய்யுது. உடம்போட வெப்பத்தைக் கட்டுப்படுத்தற ஹைப்போதலாமஸும், பக்கத்துல இருக்கற டெம்பொரல் பகுதியும் சிலருக்குப் பிறவியிலேயே இந்தத் திடீர்ச் சூட்டைத் தாங்காத மாதிரி அமைஞ்சிருக்கலாம்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. சில குடும்பங்கள்ல ரெண்டு மூணு பேருக்கு இருக்கறதால, பெங்களூர் ஜவஹர்லால் நேரு ஆய்வு மையத்துல மரபணுவையும் தேடிக்கிட்டிருக்காங்க. துருக்கியிலயும் நிறைய பேருக்கு இது இருக்கு. அங்கயும் கிண்ணத்துல வெந்நீரை மொண்டு மேல ஊத்திக் குளிக்கற பழக்கம் உண்டு.

வெள்ளிக்கிழமை ஏன்?

இப்போ அத்தைகிட்ட திரும்புவோம். எங்க ஊர்ல பழைய கணக்கு ஒண்ணு இருக்கு. எண்ணெய்க் குளியல் ஆம்பளைங்களுக்குப் புதன், சனி. பொம்பளைங்களுக்குச் செவ்வாய், வெள்ளி. எங்க வீட்டுல பொண்ணுங்களுக்கு வெள்ளிக்கிழமை. வெந்நீர் அடுப்பு இருந்தது கொல்லைப்புறத்துல, புளியமரத்துக்கு அந்தப் பக்கம்.

அதாவது ஊர்க்காரங்க கவனிச்சது எல்லாமே உண்மை. வெள்ளிக்கிழமை வந்தது உண்மை. கொல்லையில வந்தது உண்மை. அவங்க எடுத்த டேட்டால தப்பில்ல. வெள்ளிக்கும் கொல்லைக்கும் பொதுவா இருந்த அண்டாவை மட்டும் யாரும் எண்ணல. ஏன்னா எல்லா வீட்டுலயும் அண்டா இருந்துச்சு. எல்லார் வீட்டுலயும் இருக்கறது கண்ணுக்குத் தெரியாது.

சரிபார்க்க வழியும் இருந்துச்சு. தீபாவளி அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடி கங்கா ஸ்நானம். அது எந்தக் கிழமையில வேணா வரும். எந்தக் கிழமையா இருந்தாலும் அத்தைக்கு அன்னைக்கு வலிப்பு வரும். "நல்ல நாள் அதுவுமா வந்துடுச்சே"ன்னு அப்பாயி அழுவாங்களாம். இன்னொரு பக்கம் ஆடிப்பெருக்கு. குடமுருட்டியில நுங்கும் நுரையுமா புதுத்தண்ணி ஓடும். அத்தை முங்கி முங்கி ஆடுவாங்க, ஒண்ணும் ஆகாது. ஆத்துல குளிச்ச ஒரு நாள்கூட வந்ததில்ல. கிழமை மாறினாலும் வருது, தண்ணி மாறினா வரல. ரெண்டு நாளையும் பக்கத்துல வச்சுப் பார்த்திருந்தா 1975லயே விடை கிடைச்சிருக்கும்.

அப்புறம் அந்த "இன்னும்". இந்த வலிப்பு இருக்கறவங்கள்ல பத்துல ஒருத்தருக்கு, அது தொடங்கற நேரத்துல ஒரு விதமான இன்பமும், இன்னும் ஊத்தணும்ங்கற அடக்க முடியாத ஆசையும் வரும். நினைவு போற வரைக்கும் ஊத்திக்கிட்டே இருப்பாங்க. பெங்களூர் மருத்துவர்கள் இதைத் தெளிவாப் பதிவு பண்ணியிருக்காங்க. அத்தை கேட்டது இன்னும் ஒரு செம்புத் தண்ணி. ஊத்தினது அப்பாயி. தான் ஊத்தின தண்ணிதான் காரணம்னு அவங்களுக்கு எப்படித் தோணும்?

சட்டத்துல ஒரு சொல்

1982ல அத்தைக்குக் கல்யாணம். விஷயத்தை மறைச்சுத்தான் பண்ணாங்க. போன இடத்துலயும் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் உண்டு. ரெண்டாவது மாசமே அத்தை திரும்பி வந்துட்டாங்க.

நான் சின்ன வயசுல இதை அந்த வீட்டுக்காரங்களோட கொடுமைன்னு மட்டும்தான் நினைச்சிருந்தேன். இந்த எபிசோடுக்காகப் படிச்சப்பதான் தெரிஞ்சுது, சட்டமே அவங்க பக்கம் இருந்துச்சு. இந்துத் திருமணச் சட்டம் 1955ல வந்தது. 1976ல அதைத் திருத்தினப்போ, அடிக்கடி பைத்தியமோ வலிப்போ வர்றவங்க கல்யாணத்துக்குத் தகுதி இல்லாதவங்கன்னு சேர்த்தாங்க. பைத்தியமும் வலிப்பும் ஒரே வரியில. அந்தக் காரணத்தைக் காட்டி கோர்ட்டுல கல்யாணத்தை ரத்து பண்ண முடியும். 1999ல தான் 'வலிப்பு'ங்கற சொல்லை அந்த வரியிலேருந்து நீக்கினாங்க. 23 வருஷம் அந்தச் சொல் சட்டத்துல இருந்துச்சு. அத்தையோட இருபதுகளும் முப்பதுகளும் கிட்டத்தட்ட முழுசா அதுக்குள்ள போயிடுச்சு.

எங்க வீட்டு விஷயம் கோர்ட்டுக்குப் போகல. போக வேண்டிய அவசியமே வரல. ஒரு பெட்டியோட கொண்டுவந்து விட்டுட்டுப் போனாங்க, அவ்ளோதான்.

ஒரு கேள்வி

1994ல வேற ஏதோ உடம்புக்குன்னு அத்தையை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க ஒரு இளம் டாக்டர். வலிப்பு பத்திப் பேச்சு வந்ததும் ரிப்போர்ட்டைக் கேக்கல. அப்பாயியைப் பார்த்துக் கேட்டாராம்: "அம்மா, வர்றதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் உங்க பொண்ணு என்ன பண்ணிட்டு இருப்பாங்க?"

அப்பாயி, "ஒண்ணும் பண்ண மாட்டா சார், குளிச்சிட்டுத்தான் இருப்பா"ன்னு சொல்லியிருக்காங்க.

"மேலுக்கா, தலைக்கா?"

இருபது வருஷத்துல இந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்ல. அப்பாயி பதில் சொல்லிட்டு, அங்கயே உட்கார்ந்து அழுதிருக்காங்க.

இந்த நோயைக் கண்டுபிடிக்கறதுல இன்னைக்கும் முதல் கருவி இந்தக் கேள்விதான். சுலபமும் கிடையாது. சூடான தண்ணியில ரத்த அழுத்தம் இறங்கி வர்ற சாதாரண மயக்கமும் குளிக்கும்போதுதான் வரும். சின்னக் குழந்தைன்னா காய்ச்சல் வலிப்புன்னு நினைச்சிடுவாங்க. அதனால பார்த்தவங்க சொல்றதை டாக்டர் துருவிக் கேக்கணும்: முகம் வெளுத்துச்சா, எவ்ளோ நேரம், கண் எங்க பார்த்துச்சு, வாய் அசைஞ்சுதா, எழுந்ததும் குழப்பம் இருந்துச்சா. இப்ப நம்ம கையில போன் இருக்கு. பாதுகாப்பா இருக்கற மாதிரி பார்த்துக்கிட்டு, கூட இன்னொருத்தர் அதை வீடியோ எடுத்தா, அது டாக்டருக்கு பெரிய உதவி.

வெளிச்சம், சத்தம், சூடுன்னு ஏதோ ஒண்ணு தூண்டிவிட்டு வர்ற வலிப்புக்குப் பொதுவா 'ரிஃப்ளெக்ஸ் எபிலெப்சி'ன்னு பேர். நிறைய வகை இருக்கு. 1997 டிசம்பர்ல ஜப்பான்ல போக்கிமான் கார்ட்டூன்ல சிவப்பும் நீலமும் வேகமா மின்னினதுல 600க்கு மேல குழந்தைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. அது ஒரே ராத்திரியில உலகச் செய்தி ஆச்சு. இலங்கையில பேராதனையைச் சேர்ந்த நிமல் சேனநாயக்க, சீட்டு ஆடும்போதும் டாம் ஆடும்போதும் வர்ற வலிப்பைப் பத்தி 1987லயும், சாப்பிடும்போது வர்ற வலிப்பைப் பத்தி 1990லயும் எழுதியிருக்கார். டிவி முன்னாடி நடந்ததை உலகமே பார்த்துச்சு. கொல்லைப்புறத்துல நடந்ததைப் பார்க்க அப்பாயி மட்டும்தான் இருந்தாங்க.

கடைசியா, நடைமுறை விஷயம்

வெந்நீர் வலிப்புக்கு முதல் வைத்தியம் ரொம்ப எளிமை. தண்ணியோட சூட்டைக் குறைக்கறது, வெதுவெதுப்பாக் குளிக்கறது, மெதுவா ஊத்தறது. அதுலயே பலருக்கு நின்னுடும். சிலருக்குத் தலைக்குக் குளிக்கற நாள்ல மட்டும், குளிக்கறதுக்கு முன்னாடி குளோபசாம்ங்கற மாத்திரையை டாக்டர் தருவாங்க. ஒரு பகுதியினருக்குப் பிற்பாடு வெந்நீர் இல்லாமலும் வலிப்பு வரும். அவங்களுக்குத் தினசரி மாத்திரை வேணும். அதனால இந்த எபிசோடைக் கேட்டுட்டு நீங்களா மாத்திரையைத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. நரம்பியல் டாக்டரைப் பாருங்க. குளிக்கும்போது உள்தாழ்ப்பாள் போடாதீங்க. ஆறு, குளம், நீச்சல் குளத்துல தனியா இறங்காதீங்க.

யாருக்காவது வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. தலைக்குக் கீழ மெத்துன்னு ஏதாவது வைங்க. வாயில எதையும் திணிக்காதீங்க. கையில சாவிக்கொத்து, இரும்புக்கம்பி கொடுக்கறது சினிமாவோட நிக்கட்டும். இரும்பு கொடுத்ததால வலிப்பு நிக்கல, அது பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷத்துல தானா நிக்கும். அஞ்சு நிமிஷத்தைத் தாண்டினா 108க்குக் கூப்பிடுங்க.

பெங்களூர்லேருந்து எங்க ஊர் ஒரு ராத்திரி பஸ் தூரம். அந்த அறிக்கை அங்க வந்த வருஷத்துக்கும், அந்தக் கேள்வி எங்க அப்பாயி காதுல விழுந்த வருஷத்துக்கும் நடுவுல 20 வருஷம். இப்ப செய்தி நொடியில போகுது. ஆனா இந்த எபிசோடுக்காக ஊர்ல பேசினப்போ, வெள்ளிக்கிழமைன்னா கயிறு கட்டற வீடு இன்னைக்கும் இருக்குன்னு தெரிஞ்சுது. அதனால ஒரே ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட, "நம்ம குடும்பத்துல யாருக்காவது குளிக்கும்போது ஒரு மாதிரி ஆனதுண்டா?"ன்னு கேட்டுப் பாருங்க.

அத்தைக்கு இப்ப 60க்கு மேல வயசு. அதுக்கப்புறம் கல்யாணம் பண்ணிக்கல. வலிப்பு வந்து பல வருஷம் ஆச்சு. போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். விடியக்காலையில பக்கெட்டுல முழங்கையை விட்டுச் சூடு பார்த்துட்டு, இன்னொரு சொம்பு பச்சைத்தண்ணி ஊத்தச் சொன்னாங்க. குளிச்சிட்டு வந்து எனக்கு எண்ணெய் வச்சுவிட்டாங்க. "உனக்கு வேணா நல்லா சூடா விளாவிக்க"ன்னாங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.